நிற்கிற நூல்

அறுவைச் சிகிச்சை முடிந்து கண் விழிக்கிற எவரும் என்னைத் தேடுவதில்லை. "டொக்டர் எங்க?" என்றுதான் கேட்பார்கள். நான் தலைமாட்டிலேயே நிற்பேன். அவர்கள் தேடுவது வெட்டித் தைத்தவரை. மயக்கி வைத்து, மூச்சைக் காவல் காத்து, பத்திரமாகத் திருப்பி எழுப்பிவிட்ட தயாளினியை யாருக்கு வேண்டும்? முதலில் கோபம் வந்தது, பிறகு பழகிவிட்டது.

இதில் ஒரு வசதியும் உண்டு. தலைமாட்டில் சும்மா இருப்பவளின் காதில் தியேட்டரில் நடக்கும் அத்தனை கதையும் விழும். கலீலுர் றஹ்மானின் தோளைப் பற்றி நான் சொல்ல முடிவதும் அதனால்தான். திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரி எங்களுடையது. பெயர் வேண்டாம்.

அங்கே எலும்பு வைத்தியர் கீர்த்தனி. என்னுடைய சிநேகிதி, என்னைத் தையா என்றுதான் கூப்பிடுவாள். கெட்டிக்காரி, அதில் சந்தேகமில்லை. அந்தச் சந்தேகமின்மை அவளுக்குக் கொஞ்சம் கூடவே உண்டு. எலும்பு வைத்தியம் ஆம்பிளைகளின் வேலை என்று சொல்லிச் சொல்லியே படிப்பித்தவர்களிடம் படித்து வந்தவள். அதனால் பிழை விடுவதற்குத் தனக்கு அனுமதி இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வாயும் சும்மா இராது. கோபம் வந்தால் அவளிடமிருந்து முதலில் போவது ஆங்கிலம். தியேட்டரில் நாங்கள் எல்லோரும் பாதி ஆங்கிலத்தில்தான் கதைப்போம், கருவிகளின் பெயரெல்லாம் அதில்தானே. ஆனால் கீர்த்தனி சூடானால் அத்தனையும் தமிழாகிவிடும்.

தோளில் பெரிதாக வெட்டாமல் கமெரா விட்டுச் செய்யும் சிகிச்சையில் அவள் பெயரெடுத்தவள். பேனைப் பருமனில் மூன்று துளைகள். ஒன்றில் கமெரா, மற்ற இரண்டால் கருவிகள். உள்ளே சேலைன் ஓடிக்கொண்டேயிருக்கும். வைத்தியர் நோயாளியைப் பார்ப்பதில்லை, டிவியைத்தான் பார்ப்பார். எலும்பிலிருந்து கிழிந்துபோன தசைநாரை இழுத்து வந்து, எலும்பில் இறக்கிய சின்ன ஆணியோடு நூலால் கட்ட வேண்டும். இதில் சங்கடம் என்னவென்றால் உள்ளே விரல் போகாது. முடிச்சை வெளியே போட்டு, ஒரு குழாய் வழியாகக் கம்பியால் தள்ளித் தள்ளி உள்ளே அனுப்ப வேண்டும்.

நூலுக்கு இரண்டு நுனி. ஒன்று இழுபட்டபடி நிற்கும், மற்றது அதைச் சுற்றும். முதலில் வழுகி இறங்குகிற ஒரு முடிச்சு. அதன்மேல் பூட்டுப் போல இன்னும் சில சுற்று. சுற்றுக்குச் சுற்று நிற்கிற நூலை மாற்ற வேண்டும்: நின்றது சுற்ற, சுற்றியது நிற்க. மாற்றாமல் ஒரே நூலின்மேல் போட்டுக்கொண்டே போனாலும் பார்வைக்கு நல்ல முடிச்சுப் போலத்தான் இருக்கும். பாரம் வந்தால் வழுகலாம். இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்றால், தேத்தண்ணி குடிக்கிற அறையில் கீர்த்தனி சும்மா இருந்ததே கிடையாது. கதிரைக் கை, அலுமாரிக் கைப்பிடி, என்னுடைய கைப்பையின் வார் என்று கண்டதிலெல்லாம் நூலைக் கட்டிப் பழகுவாள். ஒருமுறை என் சாப்பாட்டுப் பையையே கட்டிவிட்டாள். கத்தரிக்கோல் தேடி வெட்டித்தான் அன்று நான் சோறு தின்றேன்.

கலீலுர் றஹ்மான் குறிஞ்சாக்கேணிக்காரர். கிண்ணியாவிலும் மூதூரிலும் கலியாணம் என்றால் சோற்றுச் சட்டிக்கு அவர்தான். ஆறு பேர் சுற்றியிருந்து தின்னும் சஹன் தட்டுகள் அவர் சட்டியிலிருந்துதான் நிறையும். படகுத் துடுப்பளவு அகப்பையால் அத்தனை சோற்றையும் அடியிலிருந்து மேலே பிரட்டிவிடுகிற வலது தோள், ஒரு கலியாண வீட்டில் சட்டி சரிந்தபோது தாங்கிப் பிடிக்கப்போய்க் கிழிந்துவிட்டது. கை காதுக்கு மேலே எழும்பவில்லை. தொழுகையில் கைகளைக் காது வரை உயர்த்தித் தக்பீர் கட்டக்கூட இடது கையால் வலது கையைத் தூக்கிவிட வேண்டியிருந்தது.

"டொக்டர், கிண்ட ஏலுமா ஏலாதா? அத மட்டும் சொல்லுங்க," என்றார் முதல் நாளே.

"கட்டுறது என்ட பொறுப்பு. ஆறு கிழமைக்குக் கையை ஆட்டாமல் வச்சிருக்கிறது உங்கட பொறுப்பு," என்றாள் கீர்த்தனி.

முழு மயக்கத்தில் அந்தச் சிகிச்சை நடந்தது. இரண்டு ஆணி, இரண்டு முடிச்சு. முன்பக்க முடிச்சைக் கீர்த்தனி போட்டாள். பின்பக்கத்தைச் சுகிர்தனிடம் கொடுத்தாள். சுகிர்தன் அவளுக்குக் கீழே பழகுகிற வைத்தியர், பாலையூற்றுப் பெடியன், நல்ல கை. ஆனால் கீர்த்தனிக்கு முன்னால் நின்றால் எதையும் இரண்டாம் தரம் கேட்க மாட்டான். அவன் நூலைப் பிடித்திருக்க, அவள் கமெராவைப் பிடித்திருந்தாள். அந்த நேரம் பார்த்துச் சேலைன் குறைந்து டிவி கலங்கியது. கீர்த்தனி சூடாகிவிட்டாள்.

"போட்டாச்சோ? சரி, மாத்திப் போடுங்கோ."

"எதை, மெடம்?"

"எதை எண்டு கேக்கிற நேரமோ இது? மாத்திப் போடுங்கோ!"

அவன் போட்டான். அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு முறையும் மாற்றிப் போட்டான். கமெராவில் பார்க்க இரண்டு முடிச்சும் இரண்டு மிளகு போல அழகாக உட்கார்ந்திருந்தன. நான் நோயாளியை எழுப்பினேன். அவர் கண் விழித்ததும் கீர்த்தனியைத் தேடினார்.

மறுநாள் தேத்தண்ணி நேரம். யன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் கோதுமைக் கப்பலொன்று நின்றது. மதிலோரம், ஊருக்குள் திரிகிற மான்களில் ஒன்று யாரோ எறிந்த சாப்பாட்டுப் பேப்பரைத் தின்றுகொண்டிருந்தது. சுகிர்தன் கதிரைக் கையில் நூலைக் கட்டிப் பழகிக்கொண்டிருந்தான். கீர்த்தனி நல்ல மனநிலையில் இருந்தாள்.

"எங்க, மாத்திப் போடுங்கோ பாப்பம்," என்றாள்.

அவன் சுற்றும் பக்கத்தை மாற்றினான். முன்பு மேலால் போன நூல் இப்போது கீழால் போனது. நிற்கிற நூல் அப்படியே நின்றது.

கீர்த்தனி கோப்பையைக் கீழே வைத்தாள். "இன்னொருக்கா."

அவன் இன்னொரு முறையும் போட்டான். மேலால், கீழால், மேலால். நிற்கிற நூல் அசையவேயில்லை.

"நேற்றும் இப்பிடித்தான் போட்டனீங்களோ?"

"ஓம் மெடம். நீங்கள் மாத்தச் சொன்னீங்கள்தானே?"

அவன் முகத்தில் கள்ளமே இல்லை. மாற்றச் சொன்னாள், மாற்றினான். எதை என்றும் கேட்டான். அது எனக்குத் தெரியும், தலைமாட்டில் நான் இருந்தேன். "ஸ்விச் த போஸ்ட்", அதாவது நிற்கிற நூலை மாற்று, என்று படித்த ஆங்கிலத்தில் அவள் சொல்லியிருந்தால் அவனுக்கு ஒரு குழப்பமும் வந்திராது. தாய்மொழியில் சொன்னதால் வந்த வினை இது.

கீர்த்தனி கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எழும்பிப் போய்ச் சாமான் அறையிலிருந்து அதே நூல், ஒரு வாளி, சேலைன் பைகள் எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னாள். சுகிர்தன் நேற்றுப் போட்டது போலவே வளையம் வளையமாகக் கட்டினான். அவற்றை ஈரத்தில் ஊறவைத்து, ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டி, கீழே வாளியைத் தொங்கவிட்டு, வாளிக்குள் சேலைன் பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தோம். பை ஒன்று ஒரு கிலோ.

சிலது எல்லாப் பையையும் தாங்கின. சிலது பாதியில் வழுகத் தொடங்கின. வழுகுகிறபோது சத்தம் வராது. முடிச்சு மெல்ல நகரும், வாளி இறங்கும், அவ்வளவுதான். எது தாங்கும், எது வழுகும் என்று முன்கூட்டிச் சொல்ல எங்கள் மூவராலும் முடியவில்லை.

"அவரிட தோளுக்குள்ள இருக்கிறது எது?" என்று கேட்டேன்.

"எனக்கெப்பிடித் தெரியும்?" என்றாள் கீர்த்தனி.

சுகிர்தன் வாளியைக் கையில் பிடித்தபடி தலை குனிந்து நின்றான்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். நானும் அதைத்தான் நினைத்தேன், மறைப்பானேன். ஆறு கிழமை கட்டுப் போட்டிருக்கும் கை, தாங்கினாலும் தாங்கும். தாங்காவிட்டால் நோயாளி கையை ஆட்டிவிட்டார் என்று சொல்ல எந்த ஊரிலும் இடமுண்டு. கீர்த்தனி அப்படிச் செய்யவில்லை. அடுத்த நாள் காலை வார்ட்டுக்குப் போனாள், என்னையும் இழுத்துக்கொண்டு.

கலீலுர் றஹ்மான் கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி றுக்கியா, கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, இடியப்பப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

கீர்த்தனி நேராகவே சொன்னாள். "பின்பக்க முடிச்சு டொக்டர் சுகிர்தன் போட்டவர். நான் சொன்னது அவருக்குச் சரியா விளங்கேல்லை. அந்த முடிச்சு தாங்கவும் கூடும், வழுகவும் கூடும். இப்ப திறந்து பார்த்து, வேணுமெண்டால் திருப்பிக் கட்டலாம். இல்லாட்டி விட்டுப் பாக்கலாம். எங்கட பக்கப் பிழை, அதால செலவு உங்களுக்கில்லை."

'நான் விளங்கச் சொல்லவில்லை' என்று அவள் சொல்லவில்லை. 'அவருக்கு விளங்கவில்லை' என்றாள். எனக்குச் சுரீர் என்றது. நோயாளிக்கு முன்னால் வாயைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

றுக்கியாவுக்கு அப்படிக் கட்டிக்கொள்ள வேண்டிய தேவை இல்லை. "என்ன கத இது? தச்சதத் திரும்பவும் கிழிக்கவா? மனிசண்ட தோளா, தலகணி உறையா?" என்று பார்சலைத் தட்டென்று வைத்தார்.

கலீலுர் றஹ்மான் யோசித்தார். "நீங்க ரெண்டு பேரும் தமிழ்தானே?"

"ஓம்," என்றாள் கீர்த்தனி.

"பொறகு எப்பிடி விளங்காமப் போற?"

அவரே தொடர்ந்தார். "என்ட அடுப்படியிலயும் நடந்திரிக்கி. ஒருத்தனுக்கிட்ட, சட்டியப் பாரு எண்டு சொல்லிட்டுத் தொழப் போனன். வந்து பாத்தா அவன் பாத்துக்கிட்டுத்தான் நிக்கிறான். சோறு அடிப்புடிச்சிட்டு." தன் கதைக்குத் தானே சிரித்து, தோள் நொந்து, சிரிப்பை நிறுத்தினார். "இப்ப திறக்காம உட்டு, பொறகு கழண்டா?"

"பிறகு திரும்பக் கட்டுறது கஷ்டம். நார் சுருங்கிப் போகும்."

"அப்ப கிண்ட ஏலாது."

"ஏலாமலும் போகலாம்."

றுக்கியா அவரைப் பார்த்தார். அவர் கண்ணை மூடித் திறந்தார். "அப்ப இப்பவே பாருங்க. ஆனா ஒண்டு. இந்த முற என்ன மயக்கக் கூடாது. நான் முழிச்சிருந்து பாக்கணும். என்ட தோளுக்குள்ள என்ன நடக்குதெண்டு எனக்குத் தெரியணும்."

தோளை மட்டும் விறைக்கவைக்கும் ஊசி என் கையில்தான் இருந்தது. முடியும் என்று நான் சொன்னேன். முதன்முறையாக ஒரு நோயாளி என் முகத்தைப் பார்த்து, "நீங்க யாரு டொக்டர்?" என்று கேட்டார். எனக்குப் பெரிய சந்தோஷம்.

வெளியே வந்ததும் கீர்த்தனியின் கையைப் பிடித்து நிறுத்தினேன். "எதை மெடம் எண்டு அவன் கேட்டவன். நான் கேட்டுக்கொண்டு இருந்தனான்."

"எனக்குத் தெரியும்."

"பிறகேன் உள்ளுக்க அப்பிடிச் சொன்னனீ?"

"விடு தையா," என்று கையை இழுத்துக்கொண்டு போனாள். அன்று முழுவதும் நான் அவளோடு கதைக்கவில்லை. சுகிர்தன் மத்தியானம் சாப்பிடவில்லை என்று தாதி சொன்னபோது கோபம் இன்னும் கூடியது.

அடுத்த நாள் கலீலுர் றஹ்மான் மேசையில் சாய்ந்து உட்கார்ந்தபடி, மரத்துப்போன கையோடு, ஆஸ்பத்திரித் தொப்பியும் போட்டுக்கொண்டு டிவியைப் பார்த்திருந்தார். அவருக்குத் தெரியும்படி அதைத் திருப்பி வைத்திருந்தோம். கமெரா உள்ளே போனதும், "இதா என்ட தோள்? கோழிக்கால உரிச்சு வச்ச மாதிரி இரிக்கி," என்றார். தாதி சிரிப்பை அடக்கினாள். கீர்த்தனி சிரிக்கவில்லை. சுகிர்தன் எதிர்ப்பக்கம் நின்றான், அவனுடைய முகமூடி மூச்சுக்கு மூச்சு உள்ளிழுபட்டது.

கமெரா முதலில் முன்பக்கத்தைத் தாண்டி நேராகப் பின்பக்கம் போனது. அங்கேதானே எல்லோருடைய உயிரும் கிடந்தது. முடிச்சு இருந்தது. கீர்த்தனி கொக்கிக் கம்பியால் அதைத் தொட்டாள். தள்ளினாள். கீழால் கொடுத்து இழுத்தாள். அசையவில்லை. இன்னும் இழுத்தாள். தசைநார் எலும்போடு ஒட்டியபடியே கிடந்தது.

"நல்லா இரிக்கிதே," என்றார் கலீலுர் றஹ்மான்.

எனக்கு உடம்பு லேசானது. அநியாயமாக ஒரு மனிதனைத் திரும்பவும் துளைத்துவிட்டோமே என்று அடுத்த கணமே கவலையும் வந்தது. கீர்த்தனி கமெராவை வெளியே எடுக்கப் போனாள். போகிற வழியில், சும்மா, வழக்கத்துக்காக, முன்பக்க முடிச்சையும் கொக்கியால் தொட்டாள்.

கொக்கி முடிச்சுக்கு அடியால் உள்ளே போய்விட்டது.

முடிச்சு இறுகித்தான் இருந்தது. கல்லுப் போல இருந்தது. நிற்கிற நூலைச் சுற்றுக்குச் சுற்று மாற்றி, படித்தபடியே போட்ட முடிச்சு. ஆனால் சதையைத் தொடுவதற்கு முன்பே, அந்தரத்தில் பூட்டிக்கொண்டுவிட்டது. முடிச்சுக்கும் நாருக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. அந்தப் பக்கத்து நார் எலும்பை விட்டு எழும்பத் தொடங்கியிருந்தது. ஆறு கிழமை விட்டிருந்தால், அதற்குப் பிறகு அந்தக் கை எந்தச் சட்டியையும் கிண்டியிராது.

எந்த முடிச்சு யாருடையது என்று தெரிந்தவர்கள் நாங்கள் மூவர்தான். டிவியில் பார்ப்பவருக்கு எது முன், எது பின்?

"இதுதானா அந்தத் தம்பிட முடிச்சு?" என்று கேட்டார் கலீலுர் றஹ்மான்.

சுகிர்தன் வாயைத் திறந்தான். "ஓம் நாநா, அது நான்..."

அவன் ஏன் அப்படிச் சொன்னான் என்று பிறகு கேட்டேன். மெடத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லையாம். எனக்கு அந்த இடத்தில் எழும்பிக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தியும் இருப்பேன்.

"இல்லை," என்றாள் கீர்த்தனி. "அவர் போட்டது நல்லா இருக்கு. நீங்கள் முதல் பாத்தது அதுதான். இது நான் போட்டது. முடிச்சு சதையில முட்டினதோ எண்டு பாக்காமல் பூட்டிப்போட்டன். வடிவா இருக்கெண்டு விட்டிட்டன்."

அவள் அதோடு நிறுத்தவில்லை. "நேற்று அவருக்கு விளங்கேல்லை எண்டு சொன்னனான். அதுவும் பிழை. அவர் கேட்டவர், நான்தான் சொல்லேல்லை."

கலீலுர் றஹ்மான் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தவள் நான். அவருக்குக் கோபம் வந்தது. தாடை இறுகியது, கண் சிவந்தது, வராதா பின்னே? பிறகு மூச்சை விட்டார். "சரி. சொன்னீங்களே. இப்ப ஒழுங்காக் கட்டுங்க, மகள்."

கீர்த்தனி தன் முடிச்சைத் தானே வெட்டி எடுத்தாள். அவ்வளவு இறுக்கமான முடிச்சு, இரண்டு தரம் கத்தரிக்க வேண்டியிருந்தது. புது ஆணி இறக்கினாள். புது நூலை நாருக்குள்ளால் கோத்தாள். பிறகு இரண்டு நுனியையும் எடுத்து, மேசைக்குக் குறுக்காக நீட்டினாள்.

"சுகிர்தன், நீங்கள் கட்டுங்கோ. நான் கமெரா பிடிக்கிறன்."

அவன் தயங்கித்தான் வாங்கினான். முதல் முடிச்சு வழுகி இறங்கிச் சதையில் போய் உட்கார்ந்தது. கீர்த்தனி கமெராவைக் கிட்டக் கொண்டுபோய், அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று எல்லாப் பக்கமும் காட்டினாள். தெரியவில்லை.

"சரி. இப்ப மாத்திப் போடுங்கோ," என்றாள்.

சுகிர்தன் கையை நிறுத்தினான். தலையை நிமிர்த்தி அவளை நேராகப் பார்த்தான்.

"எதை, மெடம்?"

"நிக்கிற நூலை," என்றாள் கீர்த்தனி. "இப்ப நிக்கிறது சுத்தோணும், சுத்தினது நிக்கோணும். விளங்காட்டித் திரும்பக் கேளுங்கோ."

அவன் திரும்பவும் கேட்டான். அவள் திரும்பவும் சொன்னாள்.